பம்ப் சுற்றுகிறது, நீர் சுற்றவில்லை

ஜனவரிக் குளிரில் வட லண்டனில் எங்கள் வீட்டு காம்பி பாய்லர் சூடு மீறிச் சூடு மீறி நின்றுகொண்டே இருந்தது. பார்க்க வந்த கேஸ் இன்ஜினீயர் ஒரு மணி நேரம் ஆராய்ந்துவிட்டு, சர்வீஸ் தாளில் ஏழு வரி எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

போகும் குழாய் கை வைக்க முடியாத சூடு. திரும்பும் குழாய் வெதுவெதுப்பு.
அழுத்தம் 1.3. இறங்கவில்லை.
வெந்நீர் திறந்தால் நிற்பதில்லை. ஹீட்டிங் போட்டால் நான்காம் நிமிடம் நிற்கிறது.
கூடத்து ரேடியேட்டர் அடியில் குளிர்.
ஃபில்டரில் கறுப்பு.
பம்ப் சுற்றுகிறது, நீர் சுற்றவில்லை.
இனி ரீசெட் அழுத்த வேண்டாம்.

சிவப்பு விளக்கைக் கண்டதும் என்னைப்போல் ரீசெட் பொத்தானுக்குக் கை நீட்டுகிறவர்களுக்காக இதற்கு உரை எழுதுகிறேன்.

‘போகும் குழாய்’, ‘திரும்பும் குழாய்’: பாய்லருக்குள் கேஸ் எரிந்து வெப்பமாற்றியில் ஓடும் நீரைச் சூடாக்குகிறது. அந்த நீர் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டர்களுக்குப் போய், அறைகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. நன்றாக ஓடும் வீட்டில் இரண்டுக்கும் 20 டிகிரி அளவில் வித்தியாசம் இருக்கும். ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாகவே கிடந்தால், சூடு புறப்பட்ட இடத்திலேயே தங்கிவிட்டது என்று பொருள். ‘சூடு மீறியது’ என்றவுடன் நெருப்பு அதிகமாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இந்த முதல் வரி அதை மறுக்கிறது. நெருப்பு அளவாகத்தான் எரிகிறது. அதை ஏந்திக்கொண்டு போக வேண்டிய நீர் போகவில்லை. ஊரில் செம்பு பாய்லரில் தண்ணீர் இல்லாமல் தீ மூட்டினால் பாத்திரம் போய்விடும் என்று அம்மா சொல்வாள். இங்கே தண்ணீர் இருந்தும் அதே ஆபத்து, அது அசையாமல் நிற்பதால்.

‘அழுத்தம் 1.3. இறங்கவில்லை’: மூடிய சுற்று என்பதால் குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடேறினால் கொஞ்சம் ஏறும். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து வீட்டுக்கு வெளியே நீரைக் கொட்டும். எண்ணை மட்டும் எழுதாமல் ‘இறங்கவில்லை’ என்றும் எழுதியது கசிவு இல்லை என்று காட்டுவதற்காக. நீர் குறைந்து காற்று புகுந்தாலும் சூடு மீறும். அந்தக் கதவை இந்த வரி சாத்திவிடுகிறது.

மூன்றாம் வரிதான் குறிப்பின் உயிர். காம்பி பாய்லர் ஒரே நெருப்பில் இரண்டு வேலை செய்வது. வெந்நீர்க் குழாயைத் திறந்தால், உள்ளே இருக்கும் டைவர்ட்டர் வால்வு சூடான நீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் ஒரு சிறிய தகட்டு வெப்பமாற்றிக்குத் திருப்புகிறது. குளியலுக்கான நீர் அங்கே சூடாகிறது. இரண்டு பாதைக்கும் பம்ப் ஒன்று, பெரிய வெப்பமாற்றி ஒன்று, வெப்பத்தை அளக்கும் சென்சார்களும் அவையேதான். வெந்நீர்ப் பாதையில் எந்தத் தொல்லையும் இல்லை என்றால் இவற்றின்மேல் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. குறை ரேடியேட்டர்ப் பாதையில்தான் இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் பாதி பாய்லரை விடுவித்துவிட்டார் அந்த மனிதர். எனக்கு இது இன்றும் வியப்பு.

மாறி நடந்திருந்தால் விடையும் மாறும். வெந்நீர் திறக்கும்போது மட்டும் பாய்லர் நின்று, குளியலில் நீர் ஒரு நேரம் சுட்டு ஒரு நேரம் குளிர்ந்து வந்தால், தகட்டு வெப்பமாற்றியில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். லண்டனின் நீர் சுண்ணப் பாறை வழியே வரும் கடின நீர்; கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளை இங்கும் படியும். ஆகவே இன்ஜினீயரைக் கூப்பிடும் முன் நாம் கவனிக்க வேண்டிய முதல் கேள்வி, பாய்லர் எப்போது நிற்கிறது என்பது.

‘நான்காம் நிமிடம்’ என்பதிலும் விஷயம் உண்டு. வழி அடைபட்டால் பம்ப் தள்ளும் நீர் பைபாஸ் வால்வு வழியாகக் குறுக்கே புகுந்து, சூடு ஆறாமல் திரும்பி வருகிறது. சுட்ட நீரே மறுபடி சுடுகிறது. வெப்பம் சில நிமிடங்களில் 100 டிகிரியை நெருங்க, சூடு மீறினால் கேஸை நிறுத்தும் தெர்மோஸ்டாட் குறுக்கிடுகிறது.

‘அடியில் குளிர்’: ரேடியேட்டர் மேலே குளிர்ந்தால் காற்று, சாவியால் திறந்து வெளியேற்றிவிடலாம். அடியில் குளிர்ந்தால் கசடு. காற்று ஏறும், கசடு இறங்கும். இதை யாரும் கை வைத்தே பார்த்துவிடலாம்.

‘கறுப்பு’: இந்த ஒரு சொல்லுக்கு நீண்ட கதை இருக்கிறது. ரேடியேட்டர்கள் இரும்புத் தகட்டால் ஆனவை. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் இரும்பு சிவப்பாகத் துருப்பிடிக்கும். மூடிய சுற்றில் ஆக்சிஜன் அருகல். அங்கே உண்டாவது மேக்னடைட் என்னும் கறுப்புத் துரு. நுண்ணிய தூளாகி, நீரோடு திரிந்து, ஓட்டம் மெதுவாகும் இடத்தில் படிகிறது. காந்தத்தில் ஒட்டும் என்பதால்தான் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் வைக்கிறார்கள். எங்கள் ஃபில்டரை வைத்த பிறகு யாரும் திறந்ததே இல்லை. காந்தம் முழுவதும் தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. சேற்றைப் பிடிக்க வந்ததே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. துருவைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் ரசாயனத்தை நீரில் கலந்து, ஆண்டுதோறும் அதன் அளவைச் சோதிக்கச் சொல்கிறது 2019இல் திருத்தப்பட்ட பி.எஸ். 7593 என்னும் பிரிட்டிஷ் தரவிதி. அழுத்தம் குறைகிறதென்று அடிக்கடி புதுநீர் விடுகிற வீட்டில் இந்த வியாதி விரைவில் முற்றும். ஒவ்வொரு முறையும் நீரோடு புது ஆக்சிஜனையும் உள்ளே விடுகிறோம்.

‘பம்ப் சுற்றுகிறது, நீர் சுற்றவில்லை’: பழுதைக் கண்டதும் பம்பை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பம்பை மாற்றினால் புதுப் பம்பும் அதே சேற்றைத்தான் தள்ளும். அந்தச் செலவிலிருந்து எங்களைக் காப்பாற்றியது இந்த வரி. கசடே இல்லாமலும் ஓட்டம் நிற்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கனத்துக்காக எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் மூடிவிட்டால் நீர் எங்கே போகும்? எதையும் செய்யும் முன் அவற்றைத் திறந்து பாருங்கள்.

கடைசி வரியை நான் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டேன். அன்று காலை மட்டும் ஏழெட்டு முறை அழுத்தியிருந்தேன். அம்மா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தத் தெர்மோஸ்டாட் வெப்பமாற்றி வெடிப்பு விடாமல் காக்கவே நிறுத்துகிறது. ஒவ்வொரு ரீசெட்டும் அதன் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு அதே அடைப்பின்மேல் மறுபடி நெருப்பு வைப்பது. அழுத்த அளவைப் பார்ப்பது, வால்வுகளைத் திறப்பது, காற்றை எடுப்பது நம் வேலை. எரியும் அறையின் மூடியைத் தொடுவது நம் வேலை இல்லை. அதற்கு கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் வேண்டும். 2009 ஏப்ரலில் கோர்கி என்னும் பழைய பதிவேட்டுக்குப் பதிலாக வந்த அந்தப் பதிவேட்டின் அட்டையைக் கேட்டுப் பார்க்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து அவர் ஃப்ளஷிங் இயந்திரத்தோடு வந்தார். முதலில் வந்த நீர் மை போல இருந்தது, மாலையில்தான் தெளிந்தது. இன்ஹிபிட்டர் ஊற்றி, பாய்லரை ஓடவிட்டு, அதே தாளின் பின்பக்கம் இரண்டு எண்களை எழுதினார்: போவது 65, வருவது 46. பாய்லர் முழுப் பலன் தர, திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, தன் வெப்பத்தையும் விட்டுக்கொடுக்கும். தாள் இப்போது பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது, எண்கள் இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி.