பின்வரிசைக் கடம் பெற்ற சம இடம்

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவர். அவற்றுள் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வரலாற்றில் பதிவான ஒரு கூட்டு முயற்சியிலிருந்து நாம் பெறத்தக்க ஒழுக்கத்தை நினைவூட்டுவதே நோக்கம்.

1953 மே 15 அன்று கனடாவின் டொராண்டோ நகரில், மாஸி ஹால் அரங்கில், பீபாப் ஜாஸ் இசையின் ஐந்து மேதைகள் ஒன்றுகூடினர். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகியோரே அவர்கள். அந்நிகழ்ச்சியின் பதிவு இன்றும் போற்றப்படுகிறது. ஆயினும் மிங்கஸின் பேஸ் வாத்தியம் அதில் தெளிவாகப் பதிவாகவில்லை. தம் பகுதியைப் பின்னர் அவரே மீண்டும் வாசித்துச் சேர்க்க நேர்ந்தது. மேதைகள் கூடிய அவையிலும் ஒருவரின் ஒலி அமுங்கிப்போகலாம்.

நம் பக்கத்துக் கடத்தின் நிலையும் இத்தகையதே. அறந்தாங்கிக்குத் தென்மேற்கே, வைகைக் கரையிலுள்ள மானாமதுரை, கடம் வனைவதில் பெயர்பெற்ற ஊர். கர்நாடக இசைக் கச்சேரியில் அம்மண்கலம் உபபக்கவாத்தியம்; மிருதங்கத்திற்குப் பின்னரே அதன் முறை வரும். நேரம் சுருங்கினால் அதன் பங்கும் சுருங்கும்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்டன் கல்லூரியில் இந்நிலை மாறியது. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்துப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஜான் மெக்லாஃப்லின் கிதாருடன் அமர்ந்தார். எல். சங்கர் வயலினும், உஸ்தாத் அல்லா ரக்காவின் மைந்தர் ஜாகிர் உசேன் தபலாவும், இராமநாதபுரத்தின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய இராம்நாட் வி. ராகவன் மிருதங்கமும், டி. எச். விநாயக்ராம் கடமும் வாசித்தனர். அன்றைய பதிவே 1976இல் வெளிவந்த 'சக்தி' இசைத்தொகுப்பு. அதில் கடம் துணையாக ஒதுங்கவில்லை. தபலாவோடு சரிசமமாக உரையாடியது.

இச்சமநிலை தானாக வந்ததன்று. மெக்லாஃப்லின் உலகப் புகழ் பெற்ற பின்னரும் மாணவராகி, டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். வடநாட்டு மரபில் வளர்ந்த ஜாகிர் உசேன் தென்னாட்டுத் தாள முறையையும் கற்றுக்கொண்டார். எவரும் தம் மரபைக் கைவிடவில்லை. பிறர் மரபைச் சிறுமையாகக் கருதவுமில்லை. 2024இல் அக்குழுவின் 'திஸ் மொமென்ட்' கிராமி விருது பெற்றபோது, விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷும் அதில் ஒருவராக இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்கிறோம். ஆனால் ஜமாஅத் ஆலோசனையிலும் குடும்பப் பேச்சிலும் பின்னால் அமர்ந்திருப்பவரின் கருத்தைக் கேட்கிறோமா? பாடம் நடத்துகையில் கடைசி வரிசை மாணவனிடம் வினவாமலேயே நானும் பல நாள் வகுப்பை முடித்திருக்கிறேன். ஆற்றல் மிக்கவர்கள் கூடுவதால் மட்டும் கூட்டு முயற்சி சிறப்பதில்லை. பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னிருப்பவர் இடமளித்து, தாம் மௌனமாகச் செவிசாய்க்கும்போதே அது சிறக்கிறது.