இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்

மத்திய, மாநில அரசுகளின் வரவு செலவையும், துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செயல்படும் விதத்தையும் ஆராயும் அரசமைப்புப் பதவி; சுருக்கமாக சி.ஏ.ஜி. மாநிலந்தோறும் உள்ள ஏ.ஜி. (அக்கவுன்டன்ட் ஜெனரல்) அலுவலகங்கள் இதன் கீழ் இயங்குகின்றன.

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கருவூலம் கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது இப்பதவி பிறந்தது. 1860 நவம்பர் 16 அன்று எட்வர்ட் டிரம்மண்ட் முதல் ஆடிட்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். தணிக்கையாளரும் அரசுக்குக் கட்டுப்பட்ட அதிகாரியாகவே இருந்த நிலையை 1919, 1935 ஆண்டுகளின் இந்திய அரசுச் சட்டங்கள் படிப்படியாக மாற்றின. 1948இல் வி. நரஹரி ராவ் இப்பதவிக்கு வந்த முதல் இந்தியரானார்.

அரசமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இப்பதவிக்கு உரியவை. அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராக இருக்கக்கூடும் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கருதியது மிகையன்று. பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 65 வயது வரை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் இவரை நீக்க முடியும். ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி எதையும் ஏற்கக் கூடாது. கடமைகளை 1971ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1976இல் மத்திய அரசின் கணக்குகளைத் தொகுக்கும் பணி தனியே பிரிந்தது.

தணிக்கைக் குழு, துறையின் அலுவலகத்துக்கு நேரில் சென்று ரசீது, பதிவேடு, ஒப்பந்தக் கோப்புகளைப் பார்க்கிறது. ஆட்சேபணைக்குத் துறை தரும் விளக்கம் போதாவிட்டால் அது ‘ஆடிட் பாரா’ ஆகி அறிக்கையில் ஏறும். மத்தியப் பிரதேசத்தில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான சத்துணவை லாரியில் ஏற்றிச் சென்றதாகப் பில் போட்டிருந்தார்கள். வாகன எண்களைப் பதிவுத் தரவுகளோடு ஒப்பிட்டபோது அவற்றில் சில மோட்டார் சைக்கிளும் ஆட்டோவுமாக இருந்தன. 2022இல் இது வெளியே வந்தது. குழந்தையின் வாய்க்குப் போகவேண்டிய உணவு எங்கே மறைந்தது என்பதை இத்தகைய பொறுமையான வேலைதான் காட்டிக்கொடுக்கிறது.

போஃபர்ஸ் பீரங்கி பேரம் பற்றிய 1989 அறிக்கையை ஒட்டி எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கூட்டாகப் பதவி விலகினர். வினோத் ராய் சி.ஏ.ஜி.யாக இருந்த காலத்தில் வந்த 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய அறிக்கை (2010), இழப்பு ரூ.1.76 லட்சம் கோடி வரை இருக்கலாம் என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டில் தரப்பட்ட 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இழப்பைக் கணக்கிட்ட முறை குறித்த விவாதம் நியாயமானதே. ஆனால் தணிக்கை கண்ட நடைமுறைக் குறையும் நீதிமன்றம் தேடும் குற்றமும் வேறு வேறு. ஒன்று நிரூபணமாகாததால் மற்றது பொய்யாகிவிடாது.

சி.ஏ.ஜி.க்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பிரிட்டனில் இதே பதவியில் இருப்பவரின் ஒப்புதல் பெற்றே கருவூலப் பணம் வெளியேறும். இந்தியாவில் செலவான பிறகே தணிக்கை. அறிக்கை குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் வழியாக அவைக்கு வந்து, பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குப் போகும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே அக்குழுவுக்குத் தலைவராவது மரபு.

அறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்லவில்லை. இதுவே இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. டெல்லியில் 14 அறிக்கைகள் தேங்கிக் கிடந்து, ஆட்சி மாறிய பின் 2025 பிப்ரவரியில்தான் அவைக்கு வரத் தொடங்கின. சட்டத்தில் காலக்கெடு விதிக்கப்படாதவரை, தனக்குப் பாதகமான அறிக்கையை எந்த அரசும் தள்ளிப்போட முடியும்.