மழையும் நோயும் மக்கட் கணக்கும்

திருவள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். பொருட்பாலில் மருந்து என ஓர் அதிகாரமும் வகுத்தார். ஏட்டில் இவ்விரண்டுக்கும் இடையே தொண்ணூறுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் உள்ளன. மக்கள் வாழ்க்கையிலோ மழையும் நோயும் அடுத்தடுத்த வீட்டார். வானம் பொய்த்தால் வயிறு காய்கிறது. வயிறு காய்ந்தால் உடல் தளர்கிறது. தளர்ந்த உடலில் நோய் எளிதாகக் குடிபுகுகிறது.

இன்று உலகின் தட்பவெப்பமே மாறிவருகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் வானில் சேர்த்த கரியமில வாயு, ஒரு போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோடையின் கடுமை மிகுகிறது. பெய்தால் பெருவெள்ளம், பொய்த்தால் பெருவறட்சி என்னும் நிலை பல நாடுகளில் காணப்படுகிறது. இந்நிலையில் பொதுச் சுகாதாரத் துறை என்ன செய்ய இயலும்? நோயுற்றவனுக்குக் கட்டிலும் மருந்தும் தருவதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறதா? மாணவர்களே, இவ்வினாவுக்கு விடை கூறும் நிகழ்ச்சிகள் இரண்டு நம் நாட்டு வரலாற்றிலேயே உள்ளன. ஒன்று 1877-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது. மற்றொன்று 2010-ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் நிகழ்ந்தது.

நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று பெயரிட்டு, நெடுநாள் நடுக்கத்தோடு பேசிவந்த பஞ்சம் ஒன்று உண்டு. தாது வருடம் என்பது 1876 சித்திரையில் பிறந்து 1877-இல் முடிந்த ஆண்டு. அவ்வாண்டில் பருவமழை தவறியது. ஏரிகள் வறண்டன. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் எனத் தென்னாடு முழுவதும் பஞ்சம் பரவியது. பசிபிக் பெருங்கடலின் கீழ்ப்பகுதி நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைவதை இன்று எல் நினோ என்கிறோம். மிகக் கடுமையான எல் நினோ ஒன்று 1877-78-இல் நிகழ்ந்ததை அறிவியலார் பின்னர் அறிந்தனர். அஃது இயற்கையின் ஏற்றத்தாழ்வு. இன்று நாம் காணும் மனிதனால் விளைந்த மாற்றத்தோடு அதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. ஆயினும், வானிலை சீர்குலையும்போது மக்கள் உடல்நலம் என்னாகும் என்பதை அப்பஞ்சம் போல் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

அக்காலத்தில் சென்னையில் சுகாதார ஆணையர் என்னும் பதவி ஒன்று இருந்தது. இந்தியாவில் படைவீரர்களின் உடல்நலத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1863-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. படைவீரர்களுக்காகத் தொடங்கிய பணி சிறிது சிறிதாகப் பொதுமக்களையும் நோக்கித் திரும்பியது. பஞ்ச காலத்தில் சென்னையின் சுகாதார ஆணையராக விளங்கியவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்னும் மருத்துவர். 1871-ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பு பற்றிய சென்னை மாகாண அறிக்கையை எழுதியவரும் இவரே. எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை அறிந்தவரே, பின்பு அவர்கள் மடிவதையும் காண நேர்ந்தது.

1877 சனவரியில் இந்திய அரசின் தனித் தூதராகச் சர் ரிச்சர்டு டெம்பிள் தென்னாட்டுக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாக இறக்குமதி செய்து உயிரிழப்பைத் தடுத்தவர் இவரே. ஆனால் வீண்செலவு செய்தார் என்று அதற்காகக் கண்டிக்கப்பட்டார். அந்தக் கண்டனம் அவர் மனத்தில் தைத்திருந்தது போலும்! சென்னைக்கு வந்தவர் சிக்கனத்தையே உறுதியாகப் பற்றினார். நிவாரண வேலைத்தலங்களில் மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைத்தவர்களுக்குரிய படியைக் குறைத்தார். ஆடவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்றார். இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம்.

கார்னிஷ் இதனை எதிர்த்தார். கடின உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை இராத்தல் தானியமேனும் வேண்டும். அதனோடு பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்றார். சிறைக் கைதிகளுக்கு அளிக்கப்படும் உணவின் அளவை எடுத்துக் காட்டி வாதிட்டார். குற்றம் செய்து சிறை புகுந்தவனுக்குக் கிடைக்கும் உணவுகூட, குற்றமேதும் செய்யாமல் பஞ்சத்தால் வீட்டைத் துறந்தவனுக்கு இல்லையா என்னும் கேள்வி எழுந்தது. 1877 மார்ச்சில் சென்னை அரசு ஓரளவு இறங்கிவந்தது. படி ஒன்றேகால் இராத்தலாக உயர்ந்தது. சிறிதளவு பருப்பும் சேர்க்கப்பட்டது. கார்னிஷ் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தக் கால் இராத்தலால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ!

மருத்துவர் ஒருவர் இங்குச் செய்தது யாது? அவர் கையில் புதிய மருந்து எதுவும் இல்லை. வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து நிலைநாட்டியது 1884-இல்தான். ஏழாண்டுக்கு முன் வாழ்ந்த கார்னிஷுக்கு நோயின் மூலம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கணக்கு. உணவின் அளவு, உடலின் நிலை, இறந்தோர் தொகை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, அவை கூறிய உண்மையை ஆட்சியாளர் முன் எடுத்துரைத்தார்.

அவ்வுண்மை கொடிதாக இருந்தது. நீர் வற்றிய குளங்களையும் கிணறுகளையும் பல்லாயிரவர் சூழ்ந்தனர், வாந்திபேதி பரவியது. 1877-இல் சென்னை மாகாணத்தில் அந்நோய்க்கு இரையானோராகப் பதிவேட்டில் ஏறியவர்கள் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஆண்டின் பிற்பகுதியில் மழை வந்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. தேங்கிய நீரில் கொசுக்கள் பெருகின; பசியால் மெலிந்து கிடந்தவர்களை மலேரியா வாட்டியது. பிழைப்புத் தேடிச் சாலையோரத்தில் விழுந்து மடிந்தவர்களை எந்த ஊர்ப் பதிவேடும் குறிக்கவில்லை. அவர்கள் எந்த ஊரார் என்று சொல்ல அருகில் யாருமில்லை.

குறிக்கப்படாத அம்மக்களின் தொகையை அடுத்த மக்கட் கணக்கெடுப்பு காட்டியது. சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1881-இல் எண்ணியபோது 16 இலட்சம் பேரே இருந்தனர். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை, மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் அப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருப்பர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. அக்காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் வெளிநாடு சென்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. மழை பொய்த்தது இயற்கையின் செயல். மழை பொய்த்ததனால் இத்தனை பேர் மடிந்தது ஆட்சியின் குறை.

இத்துயரத்திலிருந்து சில நன்மைகளும் பிறந்தன. 1880-இல் பஞ்ச ஆணைக்குழு தன் அறிக்கையை அளித்தது. பஞ்சத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே அறிந்து, யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் பஞ்ச விதிகள் அதன்பின் உருவாயின. 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறை, பருவமழையை முன்னறிவிக்கும் முயற்சியில் இறங்கியது. 1904-இல் அத்துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், இந்தியாவின் மழைக்கும் தொலைவிலுள்ள பெருங்கடற் பகுதிகளின் காற்றழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து கண்டார். சென்னை மாகாணத்தில் 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றைக் கடமையாக வகுத்து, இந்தியாவில் இத்துறைக்கென விரிவாக இயற்றப்பட்ட முதற் சட்டம் இதுவே. இன்றும் தமிழ்நாட்டில் இச்சட்டம் நடைமுறையில் உள்ளது.

இனி, அகமதாபாத்துக்குச் செல்வோம். 2010 மே 21-ஆம் நாள் அந்நகரில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸாக உயர்ந்தது. பஞ்சம் கண்ணுக்குத் தெரியும். வெப்பமோ கண்ணுக்குத் தெரியாத பகைவன். கடும் வெயிலில் உடல் வியர்வையால் தன்னைக் குளிர்விக்க முயல்கிறது. உடலின் நீர் குறையக் குறைய இதயமும் சிறுநீரகமும் தளர்கின்றன. முதியவர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார் என்று பதிவேடு கூறும். அவரை மாய்த்தது வெப்பமே என்பது அதில் இராது. எனவே ஆய்வாளர்கள் வேறு வழியைக் கையாண்டனர். அந்த மே மாதத்தில் இறந்தோர் தொகையை முந்திய, பிந்திய ஆண்டுகளின் அதே காலத் தொகையோடு ஒப்பிட்டனர். வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் இறந்திருந்தமை தெரியவந்தது. 1877-இல் கார்னிஷ் கையாண்ட அதே கருவிதான் இங்கும் பயன்பட்டது.

கணக்கு தெரிந்தபின் நகராட்சி வாளாவிருக்கவில்லை. காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தினரும் பிற அறிஞரும் துணைநிற்க, 2013-இல் வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் இத்தகைய முதல் திட்டம் இதுவே. இதன் முறை மிக எளிது. கொடிய வெப்பம் வரப்போவதை வானிலை முன்னறிவிப்பால் சில நாள் முன்னரே அறிந்து, வெப்பத்தின் அளவுக்கேற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடுப்பர். உடனே மருத்துவமனைகளில் பனிக்கட்டியும் உப்புக்கரைசலும் ஆயத்தமாகும். தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கப்படும். மருத்துவருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் வெப்பத் தாக்கின் அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி அளிக்கப்பட்டது. நகரின் மருத்துவமனை ஒன்றில் தாய்சேய்ப் பகுதி மேல்மாடியில், வெயிலில் கொதிக்கும் கூரைக்கு நேர்கீழே இருந்தது. அதனைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினர். வெப்பத்தால் நோயுறும் பச்சிளங்குழந்தைகளின் தொகை குறைந்தது. இதற்கு எத்தனை கோடி செலவாயிற்று? கட்டில்களை மாடியிலிருந்து இறக்கிய கூலிதான் செலவு! திட்டத்துக்குப் பின் வந்த 2014, 2015 ஆகிய ஈராண்டுகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,190 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என மதிப்பிட்டனர். இதன்பின் நாட்டின் வேறு பல நகரங்களும் மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

சுகாதாரத் துறைக்கு மற்றொரு கடமையும் உண்டு. தட்பவெப்ப மாற்றத்துக்குக் காரணமான வாயுக்களில் ஒரு பங்கை மருத்துவ நிலையங்களும் வெளியிடுகின்றன. நோயைத் தீர்க்கும் இடமே நோய்க்கு வித்திடலாமா? இதனை உணர்ந்து இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரப் பணித்துறை, தன் நேரடிப் பணிகளால் விளையும் வாயு வெளியீட்டை 2040-க்குள் நிகர அளவில் இல்லாமற் செய்வதாக 2020-இல் உறுதிபூண்டது. நம் நாட்டில் சத்தீசுகர் மாநிலம் நூற்றுக்கணக்கான ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கதிரவன் ஒளியால் மின்சாரம் பெறும் ஏற்பாட்டைச் செய்தது. இதனால் புகையும் குறைகிறது. மின்தடை மிக்க சிற்றூரில் இரவு நேரப் பேறுகாலத்துக்கு விளக்கும் எரிகிறது, தடுப்பு மருந்தும் கெடாமல் குளிர்ந்திருக்கிறது.

இவை அனைத்துக்கும் அடிப்படையாய் நிற்பது யாது? ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் முதலில் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். வாராத மாணவன் யார் என்று தெரிந்தால்தான், அவன் ஏன் வரவில்லை என்று கேட்க முடியும். ஒரு நாட்டுக்குப் பொதுச் சுகாதாரத் துறை அத்தகைய பதிவேடு. எந்த ஊரில் காய்ச்சல் மிகுந்தது, எந்தத் தெருவில் வயிற்றுப்போக்குப் பரவியது, எந்த வாரத்தில் முதியோர் மிகுதியாக இறந்தனர் என்பவற்றை நாள்தோறும் குறித்து வருபவர்கள் சிற்றூர்ச் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் ஆவர். அவர்கள் உண்மையாக எழுதும் ஒவ்வொரு வரியும் ஓர் எச்சரிக்கை மணி. அம்மணியோசையைக் கேட்டுச் செயலாற்றும் நெஞ்சம் ஆட்சியாளர்க்கு வேண்டும். கேளாதபோது மீண்டும் அடித்துக் காட்டும் துணிவு மருத்துவருக்கு வேண்டும்.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஊராட்சி மன்றத்தில் அமர்வீர்கள். எப்பணியில் இருப்பினும், உங்கள் முன் வரும் எண்களை வெறும் எண்களாகக் கருதாதீர்கள். சேலம் மாவட்டத்தில் குறைந்த மூன்றரை இலட்சம் என்பது, உழவரும் நெசவாளரும் தாய்மாரும் குழந்தைகளுமாக வாழ்ந்த மக்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோதே யாரேனும் எண்ணி, எண்ணியதை உரிய காலத்தில் கேட்டிருந்தால், அவர்களிற் பலர் பிழைத்திருப்பர். வானத்தின் போக்கை ஒரு நாளில் மாற்ற நம்மால் இயலாது. ஆயினும் அவ்வானத்தின் கீழ் வாழும் ஒருவரையும் கணக்கில் விடாமல் காக்கும் ஆற்றல் நம்மிடம் உண்டு. அதனைச் செய்வதே பொதுச் சுகாதாரப் பணி.