தவறான எரிபொருள் நிரப்பல்

தவறான எரிபொருள் நிரப்பல் என்பது ஓர் ஊர்தியின் பொறிக்கு உரியதல்லாத எரிபொருளை அதன் கலனில் கவனக்குறைவால் நிரப்பிவிடுவதைக் குறிக்கும். டீசல் ஊர்தியில் பெட்ரோலை நிரப்புவதும், பெட்ரோல் ஊர்தியில் டீசலை நிரப்புவதும் இதன் பரவலான வடிவங்களாகும். கலப்படம் தெரிந்தே செய்யப்படுவது என்பதால் அது இதில் அடங்காது. பிழை பெட்ரோல் பங்கில் நேர்ந்தாலும், சேதத்தின் பெரும்பகுதி அதன் பின்னர் பொறியை இயக்கும்போதே விளைகிறது.

பொறிகளின் வேறுபாடு

பெட்ரோல் பொறியில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி பற்றவைக்கிறது. அதற்கு முன் அழுத்தத்தால் அக்கலவை தானாகப் பற்றிக்கொள்ளக்கூடாது; அவ்வாறு பற்றாமல் தாங்கும் தன்மையை ஆக்டேன் எண் குறிக்கிறது. டீசல் பொறியில் தீப்பொறி இல்லை. காற்று ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை சுருக்கப்பட்டுக் கடுஞ்சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே விரைந்து பற்ற வேண்டும். இதனைக் குறிப்பது சீட்டேன் எண். ஆகவே ஒரு பொறிக்கு வேண்டிய பண்பே மற்றதற்குக் குறையாகிறது.

விளைவுகள்

பெட்ரோல் ஊர்தியில் டீசல் கலந்தால் பொறி திணறும், புகை கக்கும், பின்னர் நின்றுவிடும். டீசல் எளிதில் ஆவியாகாததால் ஸ்பார்க் பிளக்குகளில் கரி படியும். கலனையும் குழாய்களையும் கழுவித் தூய்மை செய்தால் பெரும்பாலும் சீராகிவிடும்.

டீசல் ஊர்தியில் பெட்ரோல் கலப்பதே கொடியது. இன்றைய பொது அழுத்தக் குழாய் (காமன் ரெயில்) அமைப்பில் எரிபொருள் 1,600 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. இவ்வழுத்தத்தைத் தரும் பம்பின் உறுப்புகளுக்கு மசகாகவும் இருப்பது டீசலே. பெட்ரோல் அந்த மசகுப் படலத்தைக் குலைப்பதால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது. அத்துகள்கள் பீச்சிகள் வரை சென்று முழு அமைப்பையும் கெடுக்கக்கூடும். பழைய டீசல் பொறிகள் சிறிதளவு பெட்ரோலைத் தாங்கின. குளிர் நாடுகளில் டீசல் உறையாமலிருக்க அதைச் சிறிது கலந்ததும் உண்டு. அந்த அனுபவத்தைக் கொண்டு, "மீதியை டீசலால் நிரப்பி ஓட்டிவிடலாம்" என்று இன்றும் கூறப்படும் அறிவுரை புதிய ஊர்திகளுக்குப் பொருந்தாது.

இந்தியாவில்

1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. ஈயமற்ற பெட்ரோலும் அங்கு விற்பனைக்கு வந்தது. ஈயம் அம்மாற்றியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அந்நாளில் ஈயம் கலந்த பெட்ரோலே இத்தகைய மகிழுந்துக்குத் தவறான எரிபொருளாக இருந்தது. ஈயமற்ற பெட்ரோல் கிடைக்காத ஊருக்குச் செல்வோர் திரும்பும் வழிக்கும் சேர்த்துப் புறப்படும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் இச்சிக்கல் மறைந்தது.

இந்தியாவில் பெரும்பாலும் பங்க் ஊழியரே நிரப்புவதால், பிழை பேச்சிலும் ஊகத்திலும் தொடங்குகிறது. ஒரே பெயரில் இருவகைப் பொறிகளும் விற்கப்படுவது குழப்பத்தைக் கூட்டுகிறது. நெடுங்காலம் இன்னோவா என்றாலே டீசல் என்ற எண்ணம் நிலவியது. 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் பெட்ரோலில் ஓடுவது. புதிய ஊர்திகளின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் வில்லையில் பெட்ரோலுக்கு வெளிர்நீலமும் டீசலுக்கு ஆரஞ்சும் குறியாகும். பாரத் நிலை 6 விதிகளுக்குப் பின் (2020) பல டீசல் ஊர்திகளில் 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலுக்குத் தனிக்கலன் உள்ளது. அக்கரைசலை டீசல் கலனில் ஊற்றிவிடுவது இப்பிழையின் புதிய வடிவம்.

திருவண்ணாமலையும் திருவிழாக் கூட்டமும்

முழுநிலவு நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் திருவண்ணாமலைக்கு வெளியூர் ஊர்திகள் பெருமளவில் வருகின்றன. வாடகை ஊர்திகளும், உரிமையாளரல்லாத ஓட்டுநர்களும், விரையும் வரிசைகளும் கூடுமிடத்தில் பிழைக்கான வாய்ப்பு மிகுதி. தீபநாளில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளால் ஊர்திகள் நகருக்கு வெளியே நிறுத்தப்படுவதால் இழுவை ஊர்தி வந்து சேர்வதும் எளிதன்று. இந்நிலையில் சாலையோரத்திலேயே கலனைத் திறந்து வடிக்க முற்படுவது பேரிடருக்கு வழிகோலும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சற்றுத் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். டீசலில் பெட்ரோல் கலந்தாலும் கலவை எளிதில் தீப்பற்றும். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலோ எட்டு லிங்கச் சன்னதிகளின் முன்னும் வழிநெடுகிலும் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்.

செய்ய வேண்டியவை

பிழை தெரிந்தவுடன் சாவியைத் திருப்பாதிருத்தல் முதன்மையானது. பல ஊர்திகளில், பொறி இயங்காவிட்டாலும், சாவியைத் திருப்பியதுமே கலனிலுள்ள மின்பம்பு எரிபொருளை முன்தள்ளத் தொடங்கும். ஊர்தியை நியூட்ரலில் தள்ளி ஓரம் சேர்த்து, பணிமனைக்கு இழுத்துச் சென்று வடிக்க வேண்டும். ஓட்டும்போது தெரியவந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும். அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்ப்பது செலவைப் பன்மடங்காக்கும்.

பற்றுச்சீட்டில் எரிபொருளின் பெயரும் அளவும் நேரமும் அச்சாகியிருக்கும் என்பதால் அதனைப் பாதுகாத்தல் நன்று. பங்கின் பிழையெனில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகையின் மதிப்பு 5 இலட்சம் ரூபாய் வரையுள்ள முறையீடுகளுக்குக் கட்டணம் இல்லை.