குறுந்தகட்டின் முதுகு

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம். இசைத்தட்டுக் காலத்து அந்தக் கீறல் பயம் சிடிக்கும் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. 1982 அக்டோபரில் சோனி நிறுவனம் ஜப்பானில் தன் முதல் சிடி பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊசி உரசாத தட்டு என்பதால் அது தேயவே தேயாது என்ற நம்பிக்கையும் கூடவே பரவியது. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. பளபளக்கும் பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று எண்ணி, அதைக் கண்ணாகக் காத்து, தட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்கள். பெயர் அச்சிட்ட மறுபக்கம் வெறும் அட்டை போல நடத்தப்பட்டது. இந்தப் பராமரிப்பு மரபு காக்க வேண்டிய பக்கத்தையே மாற்றிப் புரிந்துகொண்டது என்பேன்.

தட்டின் கட்டுமானமே சாட்சி. சிடியின் தடிமன் 1.2 மி.மீ. அதில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பாட்டைச் சுமக்கும் நுண்குழிகளும் அவற்றைப் போர்த்திய அலுமினியப் பூச்சும் பிளாஸ்டிக்கின் மேல்கோடியில், பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றுக்குக் காவல், சில மைக்ரான் அளவே உள்ள அரக்குப் பூச்சு. கீழ்ப்பக்கம் நுழையும்போது லேசர் கற்றையின் அகலம் சுமார் 0.8 மி.மீ.; குழிகளை எட்டும்போது 2 மைக்ரானுக்கும் குறைவு. அதனால் கீழே ஒட்டிய சிறு தூசி அதன் பார்வைக்குத் தட்டுப்படுவதில்லை. மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய லேபிளைப் பிய்த்தாலோ, அலுமினியமே பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் பாட்டு போனது போனதுதான்.

கீழே கீறல் விழுந்தால் சிடி சிக்குகிறதே என்று கேட்கலாம். சிக்கும், ஆனால் எந்தக் கீறல் என்பதில்தான் விஷயம். இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்த முறை சிடிக்குள் இயங்குகிறது. தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளம் அழிந்தாலும் அது முழுமையாக ஈடுகட்டிவிடும். குறுக்கே ஓடும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தைக் கொஞ்சமே தொடுகிறது. வட்டமாக ஓடும் கீறலோ தடத்தோடு சேர்ந்து நீள்கிறது. இசைத்தட்டைத் துடைப்பது போலச் சிடியையும் வட்டமாகத் துடைத்த கைகள் உண்டாக்கியது இந்த இரண்டாவது வகையைத்தான். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பதே சரி. பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலை மெருகேற்றியும் சரிசெய்யலாம்.

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பி.டி.ஓ. என்ற சிடி ஆலையின் கதை இன்னும் அழுத்தமான சான்று. 1988 முதல் 1993 வரை அங்கே தயாரான தட்டுகளில் பல பின்னாளில் வெண்கல நிறமாக மாறி, ஒலி கெட்டுப்போயின. உறைத்தாளிலிருந்த கந்தகத்தை அந்த ஆலையின் அரக்குப் பூச்சால் தடுக்க முடியவில்லை. அது ஆலையின் பிழைதான், பராமரிப்பின் பிழை அல்ல. ஆனால் கேடு எந்த வழியாக நுழைந்தது என்று பாருங்கள்: மேற்பக்கம் வழியாக. டிவிடிக்கு இந்த வாதம் பொருந்தாது. அதில் உலோகப் பூச்சு இரண்டு 0.6 மி.மீ. பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. உறையிலிருந்து வளைத்துப் பிடுங்குவதே அதற்கு ஆபத்து.

வீட்டில் பழைய சிடிகள் இருந்தால், ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்து, பெயர் அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், அங்கே அலுமினியம் இல்லை. அந்தத் தட்டை இன்றே நகலெடுத்துவிடுங்கள்.