பூவுக்குத் தூள் போட்ட கைகள்

சந்தைக்குப் போனால் நம் பிள்ளைகளின் கண் முதலில் பழக்கடையில்தான் விழும். அங்கே சீனாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த பேரிக்காய்களை வலையுறை போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கிக் கொடுத்தால், தின்று முடித்த பிள்ளை நடுவிலிருக்கும் கறுப்பு விதையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நம் வாசலில் ஊன்றினால் காய்க்குமா அம்மா?" என்று கேட்கும். நல்ல கேள்வி. இன்றைய பேச்சை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கோல சிலாங்கூர் வெயிலில் பேரி காய்க்காது. அது குளிர் வேண்டும் மரம். சில மாதங்கள் குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பேரி விளைகிறதென்றால் அந்த மலைகளின் குளிரே காரணம். ஆனால் குளிர் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. பேரியில் பெரும்பாலான வகைகள் தம் சொந்த மகரந்தத்தால் காய்பிடிப்பதில்லை. பக்கத்தில் வேறு வகைப் பேரி ஒன்று நிற்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். ஒன்றின் பூந்தூளை மற்றொன்றுக்குக் கொண்டு போக ஈயோ தேனீயோ வர வேண்டும். பேரிப் பூவின் தேனில் இனிப்புக் குறைவு. அருகில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீ அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே பேரித் தோட்டம் வைப்பவன் மரத்தை மட்டும் வளர்த்தால் போதாது; தூள் சுமக்கும் ஆளுக்கும் வழி செய்ய வேண்டும்.

சீனாவில் சிச்சுவான் மாநிலத்து ஹன்யுவான் பகுதியில் இந்தக் கஷ்டம் முற்றிப் போயிற்று. பூச்சிமருந்து மிகுதியாகத் தெளித்ததால் தேனீ வளர்ப்போர் தங்கள் பெட்டிகளை அங்கே கொண்டுவரத் தயங்கினார்கள். தூள் தரும் வேற்று வகை மரங்களும் குறைவு. விளைவு என்ன? பூக்கும் காலத்தில் குடும்பம் குடும்பமாக மரத்தில் ஏறி, மூங்கில் குச்சியின் நுனியில் கோழி இறகைக் கட்டி, அதைத் தூளில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பூவாகத் தடவினார்கள். தேனீ செய்ய வேண்டிய வேலையை மனிதர் கூலிக்குச் செய்தார்கள்.

பூவுக்கு ஆள் வைத்துத் தூள் போடுவதா என்று சிரித்துவிடாதீர்கள். நேயர்களே, அந்த வேலை நம் தோட்டங்களிலும் நடந்தது. நம் தாய்மார்கள் செய்த வேலை அது. பேரி மரத்திலே அல்ல, செம்பனையிலே. அந்தக் கதைக்கு வருகிறேன்.

செம்பனை நம் நாட்டு மரம் அன்று. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் நான்கு நாற்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மலாயாவில் அதை முதலில் அழகுக்காகத்தான் வளர்த்தார்கள்.

1905இல் பிரெஞ்சு நாட்டிலிருந்து ஹென்றி ஃபோக்கோனியே என்ற இளைஞர் மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் ரப்பர் பயிரிட்டார். சுமத்ராவில் ஏட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியத் தோட்டக்காரர் செம்பனை போட்டிருந்தார். அந்த நட்பின் வழியாக டெலி விதைகளைப் பெற்று, 1911, 1912 வாக்கில் ஃபோக்கோனியே தம் தோட்டத்தில் ஊன்றினார். பிறகு 1917இல், காப்பி பயிரிட்டுச் சரிவராமல் போன நிலத்தில், தென்னமரம் தோட்டத்தில், வாணிபத்துக்கென்றே செம்பனை நட்டார்கள். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டு, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரின் அருகில் இருக்கிறது அது. பெயரைச் சொல்லும்போதே நம் காதில் தென்னைமரம் என்று விழுகிறதல்லவா? தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனையின் வரலாறு பிறந்தது. ஃபோக்கோனியே பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்ஸின் உயர்ந்த கோன்கூர் பரிசையும் பெற்றார்.

இனி அந்த மரத்தின் பூவைப் பார்ப்போம். செம்பனையில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. இரண்டும் ஒரே மரத்தில்தான் தோன்றும். ஆனால் ஒரே சமயத்தில் தோன்றுவது அரிது. சில மாதங்கள் பெண்குலையாகவே வரும், பிறகு சில மாதங்கள் ஆண்குலையாகவே வரும். ஆகவே ஒரு மரத்தின் பெண்பூ, வேறொரு மரத்தின் தூளை எதிர்பார்த்தே நிற்கிறது. பேரி மரத்துக்குச் சொன்ன அதே விதிதான். பெண்பூ தூளை ஏற்கும் காலமோ இரண்டு மூன்று நாட்களே. அதற்குள் தூள் வந்து சேராவிட்டால் அந்தப் பூ வீண். ஒரு நல்ல குலையில் ஆயிரத்துக்கு மேல் பழங்கள் இருக்கும். அத்தனைக்கும் தூள் கிடைக்க வேண்டும்.

1960களில் ரப்பர் விலை இறங்க இறங்க, தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். அப்போது போட்டது பழைய தடித்த ஓட்டு வகை அன்று. மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட தெனெரா என்ற கலப்பு வகை. எண்ணெய் அதிகம் தரும் வகை. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. இளம் மரத்தில் பெண்குலைகளே மிகுதியாக வரும், ஆண்குலை குறைவு. நிறைய மணப்பெண்கள், மாப்பிள்ளைகளோ விரல்விட்டு எண்ணும்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். குலைகள் பாதி காய்த்தும் பாதி காயாமலும் நின்றன. சில அழுகிப் போயின.

இதற்கு நிர்வாகங்கள் கண்ட வழி, ஆள் வைத்துத் தூள் போடுவது. இதில் பெரும்பாலும் பெண்களே ஈடுபட்டார்கள். முதலில் மலர்ந்த ஆண்குலையைத் தேடி எடுத்து, உலுக்கித் தூளைச் சேர்ப்பார்கள். சலித்து, உலர்த்தி, முகத்துக்குப் பூசும் பவுடரைப் போன்ற டால்க் மாவோடு கலப்பார்கள். அதைக் கையால் அமுக்கினால் புஸ்ஸென்று தூள் பறக்கும் குப்பியில் அடைத்துக்கொண்டு, நிரை நிரையாக மரத்துக்கு மரம் போவார்கள்.

சொல்லும்போது எளிய வேலையாகத் தோன்றும். இளம் செம்பனையின் மட்டை முழுவதும் முள். அந்த மட்டைகளை விலக்கி, உள்ளே குனிந்து, அடியில் மறைந்திருக்கும் பெண்குலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டால் போதாது, பருவம் அறிய வேண்டும். பூவின் முனை வெளிறிய மஞ்சளாக இருந்தால் ஏற்கும் பருவம். சிவந்து கறுத்துவிட்டால் காலம் கடந்தது. ஒரு பார்வையில் அதைத் தெரிந்துகொண்டு, சுற்றிலும் தூள் அடித்து, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வர வேண்டும். மழையென்றும் பண்டிகையென்றும் பூ காத்திருக்காது. நேயர்களே, இதற்குப் பெயர் வெறும் கூலி வேலையா? பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு பெண், பூவின் நிறத்தைப் பார்த்து அதன் நாளைச் சொன்னாள் என்றால், அது கல்வி இல்லையா?

இந்த வேலைக்கு முடிவு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. செம்பனைக்குக் காற்றுதான் தூள் சுமக்கிறது என்று நூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்பவர் முன்பு கேமரூனில் இருந்தவர். அங்கே யாரும் தூள் போடுவதில்லை. குலைகளோ நன்றாகக் காய்க்கின்றன. ஆண்பூவில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் அவர் கண்டிருந்தார். மலேசியாவில் மட்டும் ஏன் ஆள் வைத்துப் போட வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் 1970களின் பிற்பகுதியில் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். பூச்சி நுழையாதபடி பெண்குலைகளை மூடி வைத்துப் பார்த்தால் காய்பிடிப்பு விழுந்துவிட்டது. உண்மையில் தூள் சுமப்பது பெரும்பாலும் பூச்சிகளே என்பது தெளிவாயிற்று.

அந்தப் பூச்சிகளில் ஒன்று, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மூக்கு வண்டு. மலர்ந்த செம்பனை ஆண்பூவுக்குச் சோம்பு மணம் உண்டு. அந்த மணத்துக்கு வண்டு ஓடி வரும். ஆண்பூவைத் தின்னும், அங்கேயே முட்டையிடும், அதன் புழுவும் உதிரப் போகும் ஆண்பூவுக்குள்ளேயே வளரும். பெண்பூவும் அதே மாதிரி மணத்தை வீசும். வண்டு ஏமாந்து அங்கே போகும். தின்ன ஒன்றுமில்லை என்று திரும்பிவிடும். ஆனால் உடம்பில் ஒட்டிய தூளை விட்டுவிட்டுத்தான் திரும்பும்.

வேற்று நாட்டுப் பூச்சியைக் கொண்டுவருவது விளையாட்டான காரியமா? தென்னை முதலிய மற்றப் பயிர்களைத் தின்னுமா, நோயைச் சுமந்து வருமா என்றெல்லாம் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். பிறகு 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் வண்டுகளைப் பறக்கவிட்டார்கள். அடுத்த மாதம் சபாவிலும் விட்டார்கள். ஓராண்டு ஈராண்டுக்குள் வண்டு தீபகற்பம் முழுவதும் பரவிற்று. குலைகள் கனத்தன, பருப்பு பெருகியதால் ஆலைகள் அதற்கென்று இயந்திரங்களைக் கூட்ட வேண்டி வந்தது. நம் சிலாங்கூர்த் தோட்டங்களிலும் தூள் குப்பிகள் மூலைக்குப் போயின.

நாட்டுக்கு லாபம், அதை மறுப்பதற்கில்லை. முள்ளில் கை கிழியும் வேலை ஒழிந்தது, அதுவும் நல்லதே. ஆனால் அந்த வேலையை நம்பிப் பெரட்டுக்குப் போன பெண்ணுக்கு ஒரு வருமானம் நின்றது. உரம் போடுதல், புல்லுக்கு மருந்தடித்தல், உதிரிப் பழம் பொறுக்குதல் என்று மற்ற வேலைகளுக்குத்தான் அவள் போக வேண்டியிருந்தது. பூவின் நாளை அறிந்த அவள் கண்ணுக்கு அதற்குப் பிறகு வேலையில்லை. துரையின் பெயர் நூல்களில் இருக்கிறது. விஞ்ஞானியின் பெயர் இருக்கிறது. வண்டுக்குக்கூட இலத்தீனில் ஒரு பெயர் இருக்கிறது. இடையிலிருந்த ஆண்டுகளில் குலையைக் காய்க்க வைத்த பெண்களின் பெயர்களோ தோட்டத்துச் சம்பளப் புத்தகங்களோடு போய்விட்டன.

ஹன்யுவானையும் நம் தோட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பூச்சி போய் மனிதக் கை வந்தது. இங்கே மனிதக் கை போய்ப் பூச்சி வந்தது. இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றே: பழத்துக்குப் பின்னால் எப்போதும் ஓர் உழைப்பாளி இருக்கிறான், அவனை நாம் பார்ப்பதில்லை. டுரியானுக்கு அந்த உழைப்பாளி வௌவால். பத்துமலைக் குகையிலிருந்து இரவில் புறப்படும் வௌவால்கள் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கடலோரச் சதுப்புக் காட்டுப் பூக்கள்வரை போய்வருவதை 1970களில் ஆராய்ந்து கண்டார்கள். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் அடையும் பெரம்பாங் மரத்தின் பூக்களும் வௌவால்களுக்கு உணவே. ஆற்றோரத்து மரத்தை வெட்டினால் எங்கோ ஒரு டுரியான் தோப்பில் காய் குறையலாம்.

உங்கள் வாசலில் பேரி காய்க்காது. பூசணி காய்க்கும். அது பிஞ்சோடு வெம்பி விழுந்தால் மண்ணைத் திட்டாதீர்கள். காலை வெயில் ஏறுமுன் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் சிறு பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள். பூ மலர்ந்த வேளையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

செய்யும்போது, வீட்டில் எழுபதைத் தாண்டிய பாட்டி இருந்தால் அவரையும் அருகில் உட்கார வையுங்கள். "பாட்டி, நீங்கள் செம்பனைக்குத் தூள் போட்டதுண்டா? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு? ஒரு நாளைக்கு எத்தனை நிரை? என்ன கூலி?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு பள்ளி நோட்டில் எழுதி வையுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள். பல தோட்டங்களில் வீட்டு வரிசைகள் இடிந்து, குடும்பங்கள் ஊர் மாறிவிட்டன. நினைவு மட்டும் இன்னும் சில பேரிடம் இருக்கிறது. அந்த நோட்டை எழுத வேண்டியவர்கள் நீங்களே.