மணலுக்கு மீளும் கண்ணாடி

புல்மோட்டைக் கடற்கரையிற் கரிய மணல் படிந்து கிடப்பதை யாவரும் அறிவர். இல்மனைற், உரூட்டைல், சேர்க்கோன் முதலிய கனியங்கள் செறிந்த அம்மணலின் பொருட்டே 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. கண்ணாடியும் மணலிற் பிறந்ததே. ஆயின் அது அழியாப் பொருளன்று; நீரும் உப்பும் அதனைத் தின்னும். வரலாற்று மாணவராகிய நாம் இதனைப் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை.

மணலைத் தனியே உருக்க ஏறத்தாழ 1700 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பழைய உலைகள் அவ்வளவினை எட்டா. எனவே சோடாவையோ மரச்சாம்பரையோ கலந்து உருகுநிலையைத் தாழ்த்தினர். உருகுவதற்கு உதவிய பொருளே பின்னர்ப் பகையாகின்றது. ஈரம் படுமிடத்து, நீரின் ஐதரசன் அயன்கள் கண்ணாடியுட் புகுந்து சோடியத்தை வெளியேற்றும். ஓடும் நீராயின் அது கழுவுண்டு போகும். தேங்கிய நீராயின் காரத்தன்மை ஏறிச் சிலிக்காப் பின்னலையே கரைக்கும். மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து வானவில்லின் நிறங்காட்டும். அது நோயின் அழகு. இவ்வேடுகளை மரவளையங்கள் போல எண்ணிக் காலங் கணிக்கலாம் என 1961இல் அமெரிக்க ஆய்வாளர் றொபேட் பிறில் கருதினார். ஏடும் ஆண்டும் ஒத்து வராமையால் அம்முறை நிலைக்கவில்லை.

மண்ணினுள் மாறாத ஈரத்திற் கிடப்பதைவிட, நனைந்தும் உலர்ந்தும் மாறிவருவதே பெருங்கேடு. வடகீழ்ப் பருவக்காற்று மழையும், அதன்பின் நீண்ட வறட்சியும், ஓயாத உப்புக்காற்றும் கூடிய புல்மோட்டை போன்ற கரை, கண்ணாடிக்கு ஏற்ற இடமன்று.

அங்ஙனமாயின் நம் நாட்டுப் பழங்கண்ணாடி எவ்வாறு எஞ்சிற்று? குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவையில் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் கண்ணாடி ஆக்கப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவியிருந்த அவ்வகைக் கண்ணாடியில் அலுமினா மிகுதி. உரோமக் கண்ணாடியில் அது நூற்றுக்கு 2 அல்லது 3 பங்களவே. இதிலோ 5 பங்கிற்கும் மேல். அலுமினா பின்னலை இறுக்கி நீரைத் தடுக்கும். கருங்கற்பாறை சிதைந்த மணலை அள்ளிய தொழிலாளர் இதனை எண்ணியிருக்க மாட்டார். மணல் தானே செய்த உபகாரம் அது.

இங்கேதான் வரலாற்றாசிரியருக்கு ஓர் இடர். மாந்தையிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த மணிகளைக் கொண்டு பண்டை வணிகத்தை எழுதுகின்றோம். அவை அன்று வழங்கியவற்றின் முழுத்தொகையா, மண் விட்டுவைத்த பகுதி மட்டுமா? ஓரிடத்திற் கண்ணாடி அகப்படாமையைக் கொண்டு அங்கே அது வழங்கவில்லை என முடிவுகட்டுவது அவசரமெனவே எனக்குப் படுகின்றது. வெண்மை படர்ந்த துண்டொன்றின் இன்றைய நிறத்தை அதன் பிறவி நிறமெனக் கொள்வதும் அத்தகைய தவறே.

எடுத்தபின்னும் ஆபத்து நீங்குவதில்லை. தென்கரைக் கொடவாயக் கடலில், ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில், பழங்கப்பலொன்றுடன் கண்ணாடிப் பாளங்கள் கண்டறியப்பட்டன. கடலிலிருந்து எடுத்த கண்ணாடியை வெயிலில் உலரவிட்டால், நீர் கொண்ட மேற்படை சுருங்கி உதிரும். உள்ளிருக்கும் உப்பும் பளிங்காகி அதனைப் பிளக்கும். நன்னீரில் ஊறவைத்து, உப்பை நீக்கி, மெல்ல மெல்ல உலர்த்துதல் வேண்டும். கரையிற் பொறுக்கியதை அலுமாரியில் வைத்துவிடுவோர் இதனை அறிதல் நன்று.

புல்மோட்டை மணலில் உள்ள சேர்க்கோன் என்னும் கனியத்தினின்றே சேர்க்கோனியா பெறப்படுகின்றது. சீமெந்தின் காரத்தைத் தாங்குவதற்கென இன்று ஆக்கப்படும் கண்ணாடி நார்களில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்களவிற் சேர்க்கப்படுகின்றது.